பேயைத் தேடிப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பேய் இருக்கிறதா என்று பார்க்க உன் குழுவோடு ராத்திரியில் போய், பதிவு செய்து நீ அனுப்பிய ஆடியோவை முழுசாகக் கேட்டேன். பேய் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நடுவில், "இது என் வயிறு உறுமுற சத்தம், குறிச்சுக்கோங்க" என்று நீ சொல்வதும், கூட இருந்தவர்கள் அடக்க முடியாமல் சிரிப்பதும் நன்றாகவே கேட்டது. இருட்டில் எழும் சத்தம் எதுவானாலும் அந்த நொடியே இன்னது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் ரெக்கார்டரில் அதுவே ஆவியின் குரலாகிவிடும் என்றாயே, அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உன் அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு ஒப்பவில்லை. பேய் பிடித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாளாம், பேயைப் பிடிக்கக் கிளம்பியவளை இப்போதுதான் பார்க்கிறாளாம். எனக்கு அந்தக் கவலை இல்லை. வேலை போன பிறகு போனைக்கூட எடுக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தவள் நீ. இப்போது பூட்டிக் கிடக்கும் கட்டிடத்துக்குள் போக அனுமதி கேட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிறாய். பயத்தை நீயே தேடிப் போகிறாய், அதுவும் துணைக்கு ஆட்களை வைத்துக்கொண்டு. போதும் என்று தோன்றினால் விளக்கைப் போட்டுவிடலாம். மனசுக்குள் வரும் பயத்துக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாதே.

விக் டாண்டி கதை உனக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்துப் பொறியாளர். இரவில் ஆய்வகத்தில் தனியாக இருந்தபோது உடம்பு சில்லிட்டது, கடைக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். திரும்பினால் ஒன்றுமில்லை. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைச் சரிசெய்ய, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் பொருத்தினார். யாரும் தொடாமலே வாளின் அலகு அதிர்ந்தது. தேடிப் பார்த்தால், புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் காதுக்கு எட்டாத ஒலியைக் கிளப்பிக்கொண்டிருந்தது, நொடிக்கு சுமார் 19 அதிர்வுகள். தான் சில்லிட்டதற்கும் உருவம் தெரிந்ததற்கும் அந்த ஒலிதான் காரணம் என்று 1998-ல் கட்டுரையாக எழுதினார். எல்லா வீட்டுப் பேய்க்கும் அதையே காரணமாக்க முடியாது என்பது வேறு விஷயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். இவர் அரண்ட பிறகும் அளந்து பார்த்தார், எனக்குப் பிடித்தது அதுதான்.

நீயும் அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். நடுராத்திரியில் நெஞ்சு படபடக்கும்போது, 'இதற்கு வேறென்ன காரணம் இருக்கலாம்?' என்று உன்னையே கேட்டுக்கொள்வதாகப் போன வாரம் சொன்னாய். பாழடைந்த வீட்டில் கதவு ஆடினால் கேட்கிற அதே கேள்வி. உன் மனசு தெளிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். மருத்துவரிடம் போவதை மட்டும் இதைச் சாக்காக வைத்து நிறுத்திவிடாதே.

பையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? மணமே இல்லாத அந்த விஷவாயு மூக்குக்குத் தெரியாது. 1921-ல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வந்தது. தலைவலி, ஆளில்லாத காலடிச் சத்தம், கண்முன் உருவங்கள். கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, அந்த வாயு கலந்த புகை வீட்டுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்தது. பேய் தேடுபவர்கள் கையோடு கொண்டுபோகும் காந்தப்புல மீட்டர் இல்லாவிட்டால் குடிமுழுகிவிடாது, அது பக்கத்தில் இருக்கும் செல்போனுக்கே துள்ளும். இந்த அலாரம் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் தூக்கம். ராத்திரி விழித்தால் மறுநாள் அதை ஈடுகட்டிவிடு. தூக்கம் கெட்டவர்களைத்தான் அமுக்குவான் பேய் அதிகம் தேடி வரும். கனவு காணும்போது உடம்பைக் கட்டிப்போடும் தசைத்தளர்ச்சி விலகும் முன்பே விழிப்பு வந்துவிடுவதுதான் அது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் உயிரே போகிற மாதிரிதான் இருக்கும். குழுவோடு இல்லாமல் வீட்டில் தனியாக இருக்கும்போது, நல்ல விழிப்பிலேயே குரல் கேட்டால், ரெக்கார்டரை எடுக்காதே, எனக்குப் போன் பண்ணு, மருத்துவரிடம் போகலாம்.

யாரையாவது அண்மையில் பறிகொடுத்தவர் உங்களோடு சேர வந்தால் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். ஒரு கரகரப்பைக் காட்டி 'உங்கள் அம்மா குரல்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர் வீட்டுக்குப் போய் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த ஆடியோவில் என்ன கேட்கிறது என்று முன்கூட்டியே எழுதி அனுப்பாதே. எழுதினால் எனக்கும் அதுதான் கேட்கும். வெறும் ஃபைலை மட்டும் அனுப்பு, நான் கேட்டதை எழுதுகிறேன், பிறகு உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்.

அன்புடன்,
அப்பா