பதிப்பின் மேல் பழி போடுவதற்கு முன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாணவரின் கணினிச் செயற்றிட்டங்களுக்கு வழிகாட்டி, அவற்றை மதிப்பிடும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எங்கள் வாசிகசாலையின் பழைய பதிவேடுகளில் பிழைபட எழுதப்பட்ட ஊர்ப்பெயர்களைச் சரியான பெயர்களோடு பொருத்துவதற்காக, மாணவர் சிலருடன் சேர்ந்து ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வொரு பெயரையும் மும்மூன்று குறியீடுகள் (எழுத்தையும் அதன் துணைக்குறியையும் கணினி தனித்தனியே சேமிக்கும் அலகுகள்) கொண்ட துண்டுகளாக வெட்டி, அவற்றிலிருந்து 1024 கூறுகளுள்ள காவியொன்றை (எண்களின் வரிசை, vector) ஆக்கி, அதற்குக் கிட்டிய அயல்களை, அதாவது காவி மிக நெருங்கிய பெயர்களைத் தேடுவதே அதன் வேலை. வாசிகசாலைக் கணினியில் பைதன் என்னும் நிரல்மொழியின் 2.7 பதிப்பு இருந்தது; மாணவரிடம் பைதன் 3 இருந்தது. “பொத்துவில்” என்று தேடியபோது இரண்டும் வெவ்வேறு பட்டியல்களைத் தந்தன. புதிய பதிப்பிலோ, நிரலை மறுமுறை ஓட்டினாலே விடை மாறியது. “பதிப்புப் பிரச்சினை, சேர்” என்றார்கள். இரண்டு வாரம் நானும் அதையே நம்பினேன். செயற்றிட்ட அறிக்கையில் அந்தச் சொல்லைக் காரணமாக ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் சந்தேகித்தது, எழுமாறாகப் பிரிந்து தேடும் மரங்களை (பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்துத் தேடலை விரைவாக்கும் முறை). சில நூறு பெயர்களுக்கு அவை தேவையே இல்லை என்பது பிந்தித்தான் உறைத்தது. அவற்றை அகற்றிவிட்டு எல்லாத் தூரங்களையும் நேரடியாகக் கணித்தபோதும் வேறுபாடு நீடித்தது. ஆகவே பிழை தேடலில் இல்லை, காவியிலேயே இருந்தது.

பைதன் 2.7 இல் சாதாரண மேற்கோளுக்குள் எழுதும் சரம் (எழுத்துத் தொடர்) பைட்டுகளின் வரிசை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். முதற் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டே பெறுமானங்களில் ஒன்று. எனவே அங்கே “மூன்றாக” வெட்டிய துண்டு ஒரு தனிக் குறியீடு, அல்லது அடுத்தடுத்த இரண்டின் கிழிசல். தொடர்பற்ற ஊர்களும் உறவுபோலத் தெரிந்தது இதனால்தான். பைதன் 3 உண்மையாகவே மூன்று குறியீடுகளை வெட்டியது.

ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறியதற்குக் காரணம் வேறு. துண்டைக் காவியின் கூறொன்றில் இடுவதற்கு சரத்தை ஓர் எண்ணாக மாற்றும், பைதனில் உள்ளமைந்த ஹாஷ் சார்பைப் பயன்படுத்தியிருந்தோம். ஹாஷ் பெறுமானங்கள் ஒன்றோடொன்று மோதும் சாவிகளை (தேடற் சரங்களை) வேண்டுமென்றே அனுப்பிச் சேவையகங்களை முடக்கும் தாக்குதலைத் தடுப்பதற்காக, 2012 இல் வெளிவந்த பைதன் 3.3 முதல், சரங்களின் ஹாஷ் பெறுமானம் ஒவ்வோர் ஓட்டத்திலும் இயல்பாகவே மாறுகிறது. நேற்றுச் சேமித்த காவிகளோடு இன்றைய கேள்வியை ஒப்பிட்டால் கிடைப்பது அர்த்தமற்ற தூரம். நிலையான ஹாஷுக்கு மாறியதும் அது தீர்ந்தது.

பதிப்போடு தொடர்பே இல்லாத பிழையொன்றும் இடையில் அகப்பட்டது. “பொ” என்பதை யூனிகோடு என்னும் எழுத்துக்குறி முறையில் இரண்டு குறியீடுகளாகவும் மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பொத்துவில், கொக்கட்டிச்சோலை, கோமாரி என்று நம் ஊர்ப்பெயர்கள் பலவற்றில் இத்தகைய எழுத்துகள் உண்டு. வெட்டுவதற்கு முன் சரத்தை என்எஃப்சி வடிவத்துக்கு (இத்தகைய எழுத்தை எப்போதும் ஒரே வகையாகச் சேமிக்கும் யூனிகோடு நியமம்) கொண்டுவராத தமிழ்த் தேடலை நான் இனி நம்பமாட்டேன்.

தயவுசெய்து, இத்தகைய செயற்றிட்டம் வரும்போது பைதன் பதிப்பையும் எழுமாற்று விதை எண்ணையும் (எழுமாற்று எண்களின் தொடரைத் தொடக்கிவைக்கும் எண்) எழுதச் சொல்லுங்கள். நேரடிக் கணிப்பின் விடையை அருகில் வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பெயரின் காவியை இரண்டு பதிப்புகளிலும் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் இரண்டு வாரத்தை அந்த ஒரு தாள் மிச்சப்படுத்தியிருக்கும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு நிரலாளர்