எங்களைத் தடுத்து நிறுத்தியவருக்கும் உடன் நின்ற அனைவருக்கும்: பறவை நோக்கர் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் பறவை நோக்கர் குழு, இந்த வலசைப் பருவத்தின் கடைசிக் களப்பயணமாக ஈரநிலச் சரணாலயத்துக்குச் சென்று திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. திரும்பிய மறுநாளே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. ஆனால் எடுத்த கணக்கைச் சரிபார்த்து முடிக்காமல், யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல இயலாது என்று கருதிக் காத்திருந்தோம். குழுவின் செயலாளர் என்ற முறையில் அனைவர் சார்பாகவும் எழுதுகிறேன். எனினும் இதன் முதற்பகுதி என் சொந்த நன்றி.

அதற்கு உரியவர் அன்று எங்களுடன் நடந்து வந்த சரணாலயக் காவலர். அன்று நாங்கள் இருபத்திரண்டு பேர் சென்றிருந்தோம். அவர்களில் பாதிப் பேருக்கு அதுவே முதல் களப்பயணம். கரையோரமாக நடந்துகொண்டிருந்தபோது, நீர் வற்றிச் சேறு காய்ந்து கிடந்த ஒரு திட்டுக்கு அருகில், நெடுங்கால் உள்ளான்கள் இரண்டு எங்கள் தலைக்கு மேலேயே விடாமல் கத்தியபடி சுற்றிச் சுற்றிப் பறந்தன. வழக்கமாகத் தொலைவிலேயே நின்றுவிடும் பறவை இவ்வளவு நெருங்கி வருகிறதே என்று எல்லோரும் மகிழ்ந்தோம். கேமராக்கள் உயர்ந்தன. இன்னும் நல்ல கோணம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் இருவர் கரையிலிருந்து சேற்றுத் திட்டில் இறங்கினோம். அந்த இருவரில் நானும் ஒருவன்.

காவலர் கத்தவில்லை. எங்களுக்கு முன்னால் வந்து இரு கைகளையும் விரித்து நின்றார். பிறகு சேற்றில் ஓரிடத்தைக் காட்டினார். அங்கே கூழாங்கற்கள்தான் தெரிந்தன. அவர் சொன்ன பிறகே, கரும்புள்ளிகள் கொண்ட மங்கிய பழுப்பு நிறத்தில் நான்கு முட்டைகள் கிடப்பதைக் கண்டோம். கூடு என்று சொல்ல அங்கே ஒரு சிறு குழியும் அதைச் சுற்றிச் சில காய்ந்த தண்டுகளும் மட்டுமே இருந்தன. "அது உங்களைப் பார்க்க வரவில்லை. உங்களைப் போகச் சொல்கிறது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் கற்றுத் தந்ததை, பல ஆண்டுகளாகக் களக் கையேடுகளைப் புரட்டிவரும் நான் அதுவரை கற்றிருக்கவில்லை.

திறந்த வெளியில் முட்டையிடும் பறவைகளுக்கு வெயில் எத்தகைய ஆபத்து என்பதை அவர் பிறகு விளக்கினார். அடைகாக்கும் பறவை முட்டைகளுக்குச் சூடு தருகிறது என்பதை அனைவரும் அறிவோம். கடும் வெயிலில் அதே பறவை முட்டைகளுக்கு நிழலும் குளிர்ச்சியும் தந்தாக வேண்டும் என்பதை அங்கிருந்த பலர் அறிந்திருக்கவில்லை. பெற்றோர் எழுந்து பறந்துவிட்டால், சூடேறிய சேற்றின் மேல் கிடக்கும் முட்டைக்குள் இருக்கும் கரு சில நிமிடங்களிலேயே அழிந்துவிடக்கூடும். ஆளைக் கண்டு பறவை எழுந்தால், அதைப் பார்த்துக் காகங்களும் கூடு இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கின்றன. அதனால்தான் அவர் கூட்டின் அருகில் எச்சரிக்கைப் பலகையோ கொடியோ நடாமல், சற்றுத் தள்ளி, தமக்கு மட்டுமே புரியும்படி ஒரு காய்ந்த குச்சியை நட்டு வைத்திருந்தார். காலையும் மாலையும் சுற்றி வருகையில் அந்தக் குச்சியைக் கொண்டே அவர் தம் வழியை மாற்றிக்கொள்வாராம்.

நாங்கள் கரையேறிப் பின்வாங்கி, நாணல் புதருக்குப் பின்னால் ஓசையின்றி அமர்ந்தோம். சற்று நேரத்தில் கத்தல் அடங்கியது. அந்த உள்ளான்களில் ஒன்று நீர் விளிம்புக்கு நடந்து சென்று, கால்களை மடக்கி வயிற்று இறகுகளைப் பலமுறை நனைத்துக்கொண்டு, ஈரத்தோடு வந்து முட்டைகளின் மேல் அமர்ந்தது. வயிற்றை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் இப்பழக்கத்தைப் படித்திருக்கிறேனே தவிர, அதுவரை கண்டதில்லை. சேற்றில் மேலும் நான்கு அடி வைத்திருந்தால் அன்றும் கண்டிருக்க மாட்டேன். ஐயா, தாங்கள் எங்களைத் தடுத்ததற்காக நன்றி கூறுகிறேன். தடுத்த பிறகு ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல், அருகில் அமர்ந்து காரணத்தைச் சொன்னதற்காக அதைவிடவும் கூடுதலாக நன்றி கூறுகிறேன்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒருவர், அன்று முதன்முறையாக எங்களுடன் வந்த இளம் ஒளிப்படக் கலைஞர். காவலர் வந்து நிற்பதற்கு முன்பே அவருடைய கேமராவில் அந்த முட்டைகள் பதிவாகியிருந்தன. படம் நன்றாகவே வந்திருந்தது. அதை எங்கும் வெளியிடப் போவதில்லை என்று அவரே முன்வந்து சொன்னார். படத்தின் பின்னணியில் தெரியும் கரையையும் மரத்தையும் வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் தந்த விளக்கம், மூத்த உறுப்பினர்களையும் யோசிக்க வைத்தது. இனிமேல் குழுவின் எந்தத் தொகுப்பிலும் கூட்டின் படம் இடம்பெறாது என்று ஒரு மனதாக முடிவு செய்திருக்கிறோம். அந்த முடிவுக்கு அவரே காரணம்.

முக்காலியோடு கூடிய பெரிய தொலைநோக்கியை எங்களுக்கு இரவல் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அடுத்த நன்றி. உடல்நிலை காரணமாக அவரால் எங்களுடன் வர இயலவில்லை. எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் 8×42 வகை இருநோக்கிகள். அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுபவை, முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர். புதரில் தாவும் குருவிக்கு அதுவே மிகவும் ஏற்றது. ஆனால் அகன்ற சேற்றுப் பரப்பின் மறுகோடியில் இரை தேடும் கரைப்பறவைகளுக்கு அது போதாது. அங்கே நின்றிருந்த பட்டைவால் மூக்கன்களில் ஒன்றின் காலில், ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டும் சிறு வண்ணக் கொடி இருப்பதை அவருடைய தொலைநோக்கியால்தான் கண்டோம். பறவை சேற்றில் முங்கி முங்கி நடந்ததால், கொடியிலிருந்த எழுத்துகளைப் படிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. நெருங்கிச் சென்றால் எளிதில் படித்துவிடலாமே என்று அப்போது யாரும் கேட்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

ஏன் நெருங்கக் கூடாது என்பதற்கு அந்தப் பறவை இனத்தின் பயணமே சான்று. கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன், 2022ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் பதினொரு நாட்கள் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. அது கடந்த தூரம் 13,560 கிலோமீட்டர். அப்போது அதற்கு வயது ஏறத்தாழ ஐந்து மாதம். இத்தகைய பயணத்துக்கு முன் இப்பறவைகள் உடலில் பெருமளவு கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. பறக்கும்போது பயன்படாத செரிமான உறுப்புகளைச் சுருக்கிக்கொள்ளவும் செய்கின்றன. வலசை புறப்படவிருக்கும் நாட்களில் ஒரு கூட்டத்தை ஒருமுறை கலைத்தால், அது உண்ணும் நேரத்தை இழப்பதோடு, சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதியையும் வீணாக எரிக்க நேர்கிறது. நாங்கள் அனுப்பிய கொடி விவரத்துக்கு, அந்தப் பறவைக்கு வளையமிட்ட ஆய்வாளர்கள் நான்கே நாட்களில் பதில் எழுதி, அது எங்கே, எந்த ஆண்டில் பிடிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டது என்பதைத் தெரிவித்தார்கள். 1899இல் டென்மார்க்கில் ஹான்ஸ் மோர்டென்சன் என்ற ஆசிரியர், மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் எண்ணிட்ட அலுமினிய வளையங்களை மாட்டித் தொடங்கிய முறையின் தொடர்ச்சி இது. முகம் அறியாத எங்களுக்கு நேரம் ஒதுக்கி எழுதிய அந்த ஆய்வாளர்களுக்கு எங்கள் வணக்கம்.

கண்பார்வையை இழந்த எங்கள் மூத்த உறுப்பினர் அம்மையாருக்கு நன்றி சொல்லச் சொற்கள் கிடைப்பது கடினம். நாணலுக்குள் ஒளிந்து திரியும் கதிர்க்குருவிகளை நாங்கள் கண்ணால் தேடிக் களைத்துப்போன வேளையில், அவர் பறவைகளின் குரலை மட்டும் கேட்டு, எத்தனை ஆண் பறவைகள் எந்தெந்தத் திசையில் பாடுகின்றன என்று சொல்லிக்கொண்டே வந்தார். பதினைந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, கருவியை எடுக்கக் கூடாது, கண்ணை மூடிக் கேட்க வேண்டும் என்று அவர் வைத்த பயிற்சி, இனி எங்கள் ஒவ்வொரு களப்பயணத்திலும் தொடரும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டபோது அவர் தந்த பதிலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்தக் குரலைக் கேட்கும் ஆண் பறவை, தன் எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டதாக எண்ணி, உண்பதையும் காவலையும் விட்டு வீணாக அலையும் என்றார் அவர்.

கணக்கெடுப்பை ஏற்ற நான்கு கல்லூரி மாணவர்களுக்கும் நன்றி. ஒரே நீர்ப்பரப்பில் ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் நூற்றுக்கணக்கில் கலந்து மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணுவது நடவாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டம் முழுவதையும் அளந்தார்கள். இருவர் தனித்தனியே எண்ணி, வேறுபாடு பெரிதாக இருந்தால் மீண்டும் எண்ணினார்கள். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்கு மாற்றாக, அவற்றை எண்ணிப் பார்க்கலாம் என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தபோது முன்வந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை ஆண்டுதோறும் தொடர்கிறது. எங்கள் மாணவர்களின் பொறுமையைப் பார்த்தபோது அந்த 27 பேரையும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பட்டியலை, 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் தொடங்கிய, பறவை நோக்கர்களின் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையத் தரவுத்தளத்தில் ஏற்றினோம். அங்கே பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர், நாங்கள் குறித்திருந்த சதுப்பு மண்கொத்திகளைப் பற்றி ஒரு கேள்வி அனுப்பினார். அலகு ஊசிபோல் மெலிந்து நேராக இருந்ததா, அல்லது சற்றே தடித்து மேல்நோக்கி வளைந்திருந்ததா என்பதே கேள்வி. வளைந்திருந்தால் அது பச்சைக்காலியாக இருக்கக்கூடும். தொலைவு அதிகம், எதிர்வெயில் வேறு. உறுதியாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. அந்தப் பதிவை நீக்கிவிட்டோம். எண்ணிக்கையில் ஓர் இனம் குறைந்தது சிலருக்கு வருத்தமே. ஆனால் ஐயமுள்ள ஒரு பதிவு பட்டியலின் மற்றப் பதிவுகளின் மீதும் ஐயத்தை விளைவிக்கும் என்பது என் கருத்து. மென்மையாகக் கேட்டுத் திருத்திய அந்தத் தன்னார்வலருக்கு நன்றி.

பட்டியலில் எல்லாப் பறவைகளுக்கும் தமிழ்ப் பெயர் எழுதித் தந்த மூத்த உறுப்பினரையும் மறக்க இயலாது. விராலடிப்பான் என்றால் அது மீனை அடித்துப் பிடிக்கும் பறவை என்பது பெயரிலேயே இருக்கிறது. பவளக்காலி என்று நெடுங்கால் உள்ளானுக்கு வழங்கும் மற்றொரு பெயரைக் கேட்ட சிறுவன் ஒருவன், அதன் கால்களைத்தான் முதலில் பார்த்தான். முக்குளிப்பான், கரண்டிவாயன், ஊசிவால் வாத்து ஆகிய பெயர்களும் அப்படியே. புதிதாக வருபவருக்கு இப்பெயர்கள் பாதிக் களக் கையேட்டின் வேலையைச் செய்துவிடுகின்றன.

விடியலுக்கு முன்பே வண்டியோடு வந்து நின்ற ஓட்டுநர், மாதந்தோறும் கூட்டம் நடத்த அறை தரும் நூலகப் பொறுப்பாளர், விடுமுறை நாட்களில் எங்களைத் தடையின்றி அனுப்பிவைக்கும் குடும்பத்தினர் ஆகிய அனைவருக்கும் குழுவின் நன்றி உரியது.

கணக்கெடுப்பின் முழு விவரம் சரணாலய அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. கூடுகள் இருக்கும் இடங்கள் அதில் தனித் தாளில் உள்ளன, அந்தத் தாளின் நகல் எங்களிடம் இல்லை. அடுத்த பருவம் முடியும்வரை சேற்றுத் திட்டை ஒட்டிய கரைப்பாதையில் எங்கள் குழு நடக்காது.

இம்மடலை எழுதி முடிக்கும் நேரத்தில் காவலர் தொலைபேசியில் அழைத்தார். நான்கு முட்டைகளில் மூன்று பொரித்துவிட்டனவாம். குஞ்சுகள் மறுநாளே கூட்டை விட்டு எழுந்து, தாய்க்குப் பின்னால் நீர் விளிம்பில் நடக்கத் தொடங்கிவிட்டனவாம். குச்சியை இன்று காலை பிடுங்கிவிட்டதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
செயலாளர்,
பறவை நோக்கர் குழு