பல் கறையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேத்தி அரை டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை வாசலில் வீசினாள். திட்டவில்லை. கூப்பிட்டு என் பல்லைக் காட்டினேன். பழுப்புக் கறை. "பல்லே தேய்க்க மாட்டீங்களா தாத்தா?" என்றாள். சரிதான்! ஃபுளோரைடு என்ற உப்பு அளவுக்கு மீறிக் கலந்த கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்ததால் கறை பிடித்த பல்; எங்கள் பக்கம் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான். காவிரித் தண்ணீரைக் குடிக்கக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது.

அப்புறம் விடியற்காலையில் வால்வு திறக்க வரும் டேங்க் ஆபரேட்டரைக் காட்டினேன். இப்போது அவர் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஓடிப்போய், "தண்ணி வந்துடுச்சு மாமா, தேங்க்ஸ்" என்கிறாள். அவருக்கோ கூச்சம். "புள்ளை எதுக்குங்க அப்படிச் சொல்லுது?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் சொன்னதில்லையே!

– ஓய்வுபெற்ற தபால்காரர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்