குதிரைகளை டிரெய்லரில் ஏற்றுபவர்கள் கவனத்துக்கு

வணக்கம். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60% முன்னங்கால்களில்தான் இருக்கும். அதனால் திடீர் பிரேக் போட்டால் அது முன்னால் சாயும்; கால்களை அகட்டி ஊன்ற இடமில்லாவிட்டால் சுவரில் மோதும், உதைக்கும். பலர் இதைத் திமிர் என்கிறார்கள். பாவம், அது விழாமல் நிற்கப் பார்க்கிறது.

இரு குதிரைகளுக்கு இடையே உள்ள நடுத்தடுப்பு தரைவரை இறங்கினால் கால்களை அகட்ட முடியாது. கீழ்ப்பாதி திறந்திருக்கட்டும், அல்லது வளையும் ரப்பராக இருக்கட்டும். தரையில் ரப்பர் மேட் கட்டாயம். மூத்திர ஈரத்தில் குளம்பு வழுக்கும்.

தலைக்கயிறு ரொம்பக் குட்டையாக வேண்டாம். கழுத்தை அசைத்துத்தான் குதிரை சமநிலை பிடிக்கும். மணிக்கணக்கில் தலை தூக்கியே நின்றால் சளி வெளியேறாமல் நுரையீரலில் தொற்று வரலாம். 3-4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தலையைத் தாழ்த்த விடுங்கள், தண்ணீர் காட்டுங்கள். கயிறு கால் சிக்கும் அளவு தொங்கவும் கூடாது.

இரண்டு குதிரை நிற்கும் டிரெய்லரில் ஒரே குதிரை என்றால் ஓட்டுநர் பக்கம் நிறுத்துங்கள். ஏனென்றால் சாலை நடுவில் உயர்ந்து, ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும்.

ஏற்றும்போது பின்கம்பியை (குதிரையின் பின்னால் குறுக்கே போடும் கம்பி) போட்ட பிறகே கயிறு கட்டுங்கள். இறக்கும்போது முதலில் கயிறை அவிழுங்கள். மாற்றிச் செய்தால் குதிரை பின்வாங்கி, கயிறு இழுத்து, மிரண்டுவிடும்.

வளைவுக்கு முன்பே வேகம் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் வேண்டாம்.