பூபாளம், மதியம் ஒன்றரை மணிக்கு

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, நாங்களும் உன்னைப்போலவே பிள்ளையை இசைப் படிப்புக்கான தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தோம். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

மகனின் செலோவுக்கும் (அந்தப் பெரிய வயலின் மாதிரி வாத்தியத்துக்கும்) விமானத்தில் ஒரு சீட் வாங்கினாய் என்ற இடத்தை மனுசிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பெட்டிக்கு டிக்கெட்டா? அப்ப அதுக்குச் சாப்பாடும் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். சரக்கோடு போட்டால் கழுத்து முறிந்துதான் வரும் என்று விளக்கினேன். செலோவின் கழுத்தைச் சொன்னேன். டிக்கெட் விலையைப் பார்த்தால் உன்னுடையதும்தான்.

எங்கள் பயணத்தில் பெட்டி ஒன்றும் இல்லை. மூத்தவளுக்கு வாய்ப்பாட்டு. ஒரு போத்தல் சுடுதண்ணீரும் ஒரு துண்டு அதிமதுரமும்தான் சாமான். உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்தவள் என்று முன்பே எழுதியிருந்தேன் அல்லவா? இங்கே இசை படிக்கப் பல்கலைக்கழகம் போக இசட் ஸ்கோர், அதாவது உயர்தரப் பரீட்சைப் புள்ளி, மட்டும் காணாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு முக்கியமாக இரண்டு இடங்கள்: யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலை நிறுவனம், மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம். முதலில் கல்லடிக்குக் கூப்பிட்டார்கள்.

விடிய ஐந்து மணி பஸ். நாங்கள் படித்த காலத்தில் மட்டக்களப்புக்குப் போவதென்றால் கிண்ணியாவில் பாதைக்கு (வாகனம் ஏற்றும் மிதவைக்கு) காத்திருந்து, ஏறி, இறங்கி, அதற்கப்பால் இன்னும் பாதைகள். சண்டைக் காலத்தில் ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றித்தான் போனோம். 2009இல் 396 மீட்டர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் வந்தது. இப்போது பஸ் அதை ஒரு மூச்சில் தாண்டிவிடுகிறது. மூதூர், வெருகல், வாகரை என்று கடற்கரையோடு நேரே போகலாம். அந்தப் பாலத்தின் மேல்தான் நான் ஒரு மடைத்தனம் செய்தேன்.

தம்பி போன் எடுத்தான். அவனோடு செலவுக் கணக்குக் கதைத்தேன். விடுதி கிடைக்காவிட்டால் அறை வாடகை, சாப்பாடு, கடன் தவணை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, "இவளுக்கு இது சரிவந்தால்தான் நான் மூச்சுவிடலாம்" என்று முடித்தேன். யன்னல் பக்கம் இருந்தவள் அதுவரை பாடவேண்டிய வர்ணத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அது நின்றுபோனது. எனக்கு உறைத்தது வெருகலில் பஸ் நின்றபோதுதான். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், வேண்டாம் என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கே அந்தப் பரீட்சைக்கும் காசுக்கும் நேர்த் தொடர்பே இல்லை. கற்கைக்கட்டணம் யாருக்கும் கிடையாது. மகாபொல என்ற உதவிப்பணம் குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் பார்த்துத்தான் வரும். நன்றாகப் பாடினாள் என்பதற்காக ஒரு சதமும் கூடாது. உங்கள் வட அமெரிக்கப் பக்கம் அப்படி இல்லை. எவ்வளவு தருவார்கள் என்பதைப் பல இடங்களில் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷ வாசிப்புத்தான் தீர்மானிக்கிறது. பிலடெல்பியாவில் கேர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1928இலிருந்து எடுபட்ட எல்லோரையும் கட்டணமில்லாமல் படிப்பிக்கிறது, ஆனால் எடுபடுவது விரல்விட்டு எண்ணும் ஆட்கள்தான். ரொச்செஸ்டரில் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரிக்கு ஏரியைச் சுற்றிக் காரிலேயே போய்விடலாம் என்று வேறு எழுதியிருந்தாய். அந்த நீளமான கார்ப் பயணம்தான் எனக்குப் பயம், மச்சான். உன்னை எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவாய். தயவுசெய்து மகனுக்குக் கேட்கக் கணக்குப் பார்க்காதே.

கல்லடியில் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் முறை வந்தது. பெற்றோருக்கு வெளியே நிழலில் கதிரை. அவளுடைய சுருதிப் பெட்டி போன மாதமே ஊமையாகிவிட்டது. அவள் போனில் சார்ஜும் இல்லை. என் போனில் தம்புரா செயலியை ஐந்து கட்டையில் வைத்துக் கொடுத்தனுப்பினேன். வர்ணம் நன்றாகத்தான் போனது. யன்னலால் கேட்டது. குரல் கொஞ்சம் இறுகியிருந்தது, அது பஸ்ஸில் நான் கட்டிய முடிச்சு. அப்புறம் கல்யாணியில் ஒரு கீர்த்தனை. அனுபல்லவி மேலே ஏறுகிற இடத்தில் சுருதி படக்கென்று நின்று, டெலிபோன் மணி அடித்தது. என் போன். எடுத்தது மனுசி. "முடிஞ்சுதா?" என்று கேட்கத்தான்!

நான் கதிரையில் இருந்தபடியே செத்தேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். மணி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெண்குரல், "போனை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா பாடுங்கோ. எந்த ஊர்?" என்றது. திருகோணமலை என்றாள். "அப்ப உங்கட ஊர்ப் பதிகம் தெரியுமா?"

சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகம் தெரியாமலா? வெள்ளிக்கிழமைகளில் கோட்டைக்குள்ளே மான்களைக் கடந்து நடந்துபோய், கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில் காற்று சீலையைப் பிய்க்க நின்று, ஏழு வயதிலிருந்து பாடுகிறாள். சுருதி இல்லை, போன் இல்லை, தாளத்துக்குத் தொடையும் இல்லை (நின்று பாடினாளாம்). புறநீர்மைப் பண், இப்போது பூபாளத்தில் பாடுவது. விடியற்காலை ராகத்தை மதியம் ஒன்றரை மணிக்கு, கல்லடி வெயிலில் கேட்டுக்கொண்டு இருந்தேன். குரலில் இறுக்கம் போய்விட்டிருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கரைப்பற்றுத் தகப்பன் ஒருவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அதுக்கு மேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், தகப்பன் சாட்சி செல்லாது.

பிறகு என்ன பண், என்ன ராகம் என்று கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறாள். இரண்டு ராகம் பாடிக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒன்று சரி, ஒன்று பிழை. வெளியே வந்தவள் என்னிடம் போனைத் தந்துவிட்டு, "அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கோ, முடிஞ்சுது எண்டு" என்றாள். அவ்வளவுதான் கோபம்.

திரும்ப முன் சிவானந்தா வித்தியாலயத்தில் விபுலானந்த அடிகளின் சமாதிக்குப் போனோம். எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடம் நடத்திய மனுஷன், பழைய யாழை ஆராய்வதற்கே பல வருஷங்களைக் கொடுத்தவர். அவள் அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

சம்பந்தர் இராமேஸ்வரத்தில் நின்றபடியே கோணமலையைப் பாடினார் என்பார்கள். கடல் தாண்டாமலே எடுபட்ட ஆள் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பஸ் ஏறத்தான் வேண்டும். இப்போது தம்பி, இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர் புலமைப்பரிசிலுக்கும் போடச் சொல்கிறான். அதற்குப் பாடிப் பதிந்த வீடியோ அனுப்ப வேண்டும். உன் மகனுக்கும் முதல் சுற்று அப்படித்தானே? நாங்கள் பதினொரு தரம் எடுத்தோம். முதலாவதில் காகம், நான்காவதில் காளி கோயில் ஒலிபெருக்கி. பதினோராவதில் ஒரு பிசகும் இல்லை, ஆனால் பாடுவது என் மகள் மாதிரியும் இல்லை. பிழைவிட்ட பிறகு பிள்ளை என்ன செய்கிறாள் என்பதை எந்த வீடியோவும் காட்டாது. அதற்காகவாவது நேரில் கூப்பிடுவது நல்லதென்றே இப்போது நினைக்கிறேன். செலவு செலவுதான்.

முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். உன் மகன் வாசித்த பாக்கின் இசைப் பதிவு இருந்தால் அனுப்பு, மூத்தவள் கேட்கிறாள். செலோவைக் கிட்டத்தில் கேட்டால் ஆண்குரல் மாதிரி இருக்குமா என்றும் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை யாழ்ப்பாணம். ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக, விடிய நாலரை பஸ். புதுச் சுருதிப் பெட்டி வாங்கியாயிற்று. இந்தத் தரம் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கோ என்று மனுசி சொல்கிறாள். அவளேதான் சொல்கிறாள், மச்சான்.

அன்புடன்,
உன் கடைசி வாங்குக் கூட்டாளி