வளைவு ஒட்டினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிங்கி எத்தனை பேருக்கு வரும், காய்கறி விலை எங்கே போய் நிற்கும் என்று கணிப்பு வரும்போது, "மாதிரி 99 விழுக்காடு பொருந்துகிறது" என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. மாதிரி என்றால் பழைய எண்களை வைத்துக் கணிக்கும் சமன்பாடு. தயவுசெய்து அந்த வரியை மட்டும் நம்பிச் செய்தி போடாதீர்கள். பழைய எண்களோடு பொருந்துவது பெரிய காரியமே இல்லை. சமன்பாட்டில் இன்னும் இரண்டு உறுப்பைச் சேர்த்தால் பொருத்தம் கூடுமே தவிரக் குறையாது.

என்னிடம் டியூஷன் படிக்கும் ஆறாம் படிவ மாணவி 12 மாத டிங்கி எண்களை எடுத்து வந்தாள். ஒரு நேர்கோடு, ஓர் ஐந்தாம் படிக் கோவை (xஇன் ஐந்தாம் அடுக்குவரை போகும் வளைவு), இரண்டையும் வரைந்திருந்தாள். ஐந்தாம் படி வளைவு புள்ளிகளை உரசிக்கொண்டே போனது. அதை இன்னும் மூன்று மாதத்துக்கு நீட்டச் சொன்னேன். நோயாளி எண்ணிக்கை மைனஸில் இறங்கிவிட்டது.

ஜப்பானியப் புள்ளியியலாளர் அகாய்க்கே 1974இலேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். மாதிரி தரவை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று பார், அளவுரு (தரவைப் பார்த்து நாம் நிர்ணயிக்கும் எண்) ஒவ்வொன்றுக்கும் 2 தண்டம் சேர், கூட்டுத்தொகை எதற்குக் குறைவோ அதை எடு. இதுதான் ஏஐசி (AIC), அதாவது அகாய்க்கே தகவல் அளவுகோல். 1978இல் ஷ்வார்ஸ் தந்த பிஐசி (BIC, பேய்சியத் தகவல் அளவுகோல்) இன்னும் கறார். அதில் தண்டம் தரவு எண்ணிக்கையின் இயல் மடக்கை. 52 வார எண்கள் இருந்தால் ஓர் அளவுருவுக்குக் கிட்டத்தட்ட 4.

தரவு கொஞ்சமாக இருந்தால் ஏஐசிக்கு ஒரு திருத்தம் உண்டு. மாணவியின் 12 புள்ளிகளுக்கு அதைப் போட்டோம். பிழையின் பரவற்படியையும் (புள்ளிகள் கோட்டைவிட்டுச் சிதறும் அளவு) ஓர் அளவுருவாக எண்ணினால் நேர்கோட்டுக்குத் தண்டம் 9, ஐந்தாம் படிக்கு 42! வளைந்து நெளிந்து சம்பாதித்ததெல்லாம் அதிலேயே போய்விட்டது.

சரி, ஏஐசி குறைந்தால் மாதிரி உண்மையாகிவிடுமா? ஆகாது. எல்லாமே மோசமென்றால் அவற்றில் குறைந்த மோசத்தைத்தான் அது காட்டும். இரண்டு மாதிரிக்கும் வித்தியாசம் 2க்குள் இருந்தால் ஒன்று வென்றது என்று சொல்லவே கூடாது. ஒரே தரவில் போட்ட மாதிரிகளைத்தான் ஒப்பிடவும் முடியும். ஒன்றுக்கு எண்ணிக்கை, இன்னொன்றுக்கு அதன் மடக்கை என்று வைத்துக்கொண்டு ஏஐசியை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தப்பு.

இங்கே ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில், பேப்பரில் டிங்கி குறையும் என்று வந்தால் பூந்தொட்டித் தட்டுத் தண்ணீரைக் கொட்டக்கூட ஆளில்லை. அதனால்தான் கேட்கிறேன். அடுத்த கணிப்பு உங்கள் மேசைக்கு வரும்போது மூன்று விவரம் கேட்டு வாங்குங்கள்: அளவுரு எத்தனை, வேறு எந்த மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள், கடைசிச் சில மாதங்களை மறைத்து வைத்துச் சோதித்தார்களா. பதில் வந்தால் செய்தியின் அடியில் போடுங்கள். வராவிட்டால் வரவில்லை என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு