தூரம் ஒன்று, பயண நேரம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நெடுந்தூர விமானப் பயணங்கள் பற்றி வந்த கட்டுரையையும் அதனுடன் இருந்த அட்டவணையையும் படித்தேன். ஊர்களுக்கு இடையிலான தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, வந்த விடையைப் பயண நேரமாக அச்சிட்டிருக்கிறீர்கள். திருச்சியில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். அந்த அட்டவணையை நம்பி வயதானவர்கள் யாரும் புறப்பட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

டில்லி – சான் பிரான்சிஸ்கோ பயணத்தைப் பாருங்கள். மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 12,400 கி.மீ. அட்லாண்டிக் வழியாக ஏர் இந்தியா பறந்தபோது அது சுமார் 13,900 கி.மீ. ஆனது. 2016 அக்டோபரில் அந்த விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆகக் கூடியது, நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணி நேரம் ஆனது! பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றுதான் காரணம். கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். மேற்கே போனால் எதிர்த்து நிற்கும். குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். சென்னையிலிருந்து லண்டன் போவதைவிடத் திரும்பி வருவது சீக்கிரம் முடிவதும் இதனால்தான். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று இருக்கும்போது அட்டவணையில் ஒரே எண் எப்படிச் சரியாகும்?

அரசியலும் வழியை நீட்டுகிறது. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணியில் முடிந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டில்லியிலிருந்து மேற்கே போன நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் தூரம் ஓர் அங்குலமும் மாறவில்லை.

இன்னொரு குழப்பம், டிக்கெட்டில் அச்சாகும் மணி. புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். டில்லியில் அதிகாலை 4 மணிக்கு ஏறி, அதே தேதியில் காலை 6 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், குளிர்காலத்தில் நேர வித்தியாசமான பதின்மூன்றரை மணியையும் கூட்டி, பதினைந்தரை மணிப் பயணம் என்று கொள்ள வேண்டும். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், அதே டிக்கெட் பதினான்கரை மணிதான். மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கும் முதல் கேள்வி, "சர்க்கரை மாத்திரையை எந்த மணிக்குப் போட்டுக்கொள்வது?" என்பதுதான். மருத்துவரிடம் கேளுங்கள் என்று அனுப்புகிறேன். மருத்துவர் சொல்வதற்கும் சரியான பயண நேரம் தெரிய வேண்டாமா? திருச்சியிலிருந்து டில்லி போய்ச் சேர்வதும், அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அடுத்த முறை இத்தகைய அட்டவணை வெளியிடும்போது, விமான நிறுவனங்களின் கால அட்டவணையைப் பார்த்து, போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியே, எந்த மாதத்துக்கு உரியது என்ற குறிப்புடன் போடுங்கள். இடையில் இறங்கி மாறும் பயணமானால், காத்திருப்பையும் சேர்த்தே மொத்த நேரத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.